நார்மலும் இல்ல, கேன்சரும் இல்ல... பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் ‘ஏஸ்கஸ்’ என்று வந்தால் என்ன அர்த்தம்?

போன வாரம் இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப் வந்தது. அனுப்பியவர், இந்தப் பகுதியை விடாமல் வாசிக்கும் மந்தைவெளி அக்கா ஒருவர். தி.நகர் துணிக்கடை ஒன்றில் வேலை. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

“ஏம்மா, லேப்லேர்ந்து இது வந்திருக்கு. டாக்டரம்மா நாளான்னிக்குதான் வருவாங்களாம். என் பொண்ணு கூகுள்ல தேடிப் பார்த்துட்டு உட்கார்ந்து அழுவுறா. இது கேன்சரா, இல்லையா? அதை மட்டும் சொல்லு, போதும்.”

நான் டாக்டர் இல்லை. அதைத்தான் அவரிடமும் சொன்னேன். ஆனால், அந்த ரிப்போர்ட்டில் இருந்த ஒரு வார்த்தையை டாக்டர் வரும்வரை இரண்டு நாள்கள் தனியாகச் சுமக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அந்த வார்த்தை ‘ஏ.எஸ்.சி - யு.எஸ்.’ டாக்டர்கள் சுருக்கமாக ‘ஏஸ்கஸ்’ என்பார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் பரிசோதனையில், ‘இயல்புக்கு மாறாக இருக்கிறது’ என்று வரும் முடிவுகளில் அதிகம் பேருக்கு வருவது இதுதான்.

அந்த ஆங்கில எழுத்துகளை விரித்துத் தமிழில் சொன்னால், ‘வழக்கத்துக்கு மாறான செல்கள் தெரிகின்றன, அவற்றுக்கு என்ன முக்கியத்துவம் என்று தீர்மானிக்க முடியவில்லை’ என்று வரும். இன்னும் நேராகச் சொன்னால், மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் ‘எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்’ என்று எழுதியிருக்கிறார். அவ்வளவுதான்.

‘தெரியவில்லை’ என்பதை ஐந்து ஆங்கில எழுத்துகளில் எழுதி இரவு ஒன்பதரை மணிக்கு போனுக்கு அனுப்பினால், யாராக இருந்தாலும் பயப்படத்தான் செய்வார்கள்!

அந்த செல்லில் அப்படி என்னதான் இருக்கிறது?

கர்ப்பப்பை வாயிலிருந்து ஒரு சின்ன பிரஷ்ஷால் செல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றிப் பார்ப்பதுதான் பாப் ஸ்மியர். கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த ஜார்ஜ் பாப்பனிகோலாவ் என்ற மருத்துவரின் பெயரின் தொடக்கம்தான் அந்த ‘பாப்’.

ஒவ்வொரு செல்லுக்கும் நடுவில் உட்கரு இருக்கும். அது எவ்வளவு பெரிது, எவ்வளவு கறுப்பு, ஓரம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இயல்பான செல்லின் உட்கருவைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு பரப்பு இருந்தால் பெரும்பாலும் ‘ஏஸ்கஸ்.’ மூன்று மடங்கைத் தாண்டி, வேறு சில அடையாளங்களும் சேர்ந்தால் அடுத்த படியான ‘எல்சில்’, அதாவது லேசான மாற்றம். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோடு எவ்வளவு மெல்லியது என்று யோசித்துப் பாருங்கள். அதைப் போடுவதும் ஒரு மனிதரின் கண்தான்.

அந்தக் கண்ணை எவ்வளவு நம்பலாம் என்று அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1990-களின் கடைசியில் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. ‘ஏஸ்கஸ்’ என்று முடிவு வந்த 1,473 தகடுகளை இன்னொரு நிபுணர் குழு மறுபடி பார்த்தது. ‘ஆமாம், ஏஸ்கஸ்தான்’ என்று அவர்கள் ஒப்புக்கொண்டது 43 சதவிகிதத்தை மட்டுமே. மீதியில் பெரும்பாலானவற்றுக்கு, முதலில் சொன்னதைவிட லேசான முடிவையே கொடுத்தார்கள். லேப்காரர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ‘நிச்சயமாகத் தெரியவில்லை’ என்று சொல்வதற்காகவே வைத்திருக்கும் பெட்டி இது. அதற்குள் விழும் எல்லாமே ஒரே மாதிரி இருக்காது.

உட்கரு பெரிதாகப் பல காரணங்கள் உண்டு. வெள்ளைப்படுதலோடு வரும் தொற்று, வேறு ஏதாவது புண், மாதவிலக்கு நின்ற பிறகு ஹார்மோன் குறைந்து திசு மெலிவது, சில சமயம் சாம்பிள் காய்ந்துபோவதுகூட. இவற்றோடு ஹெச்.பி.வி. என்ற வைரஸும் ஒரு காரணம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை நாம் கவலைப்பட வேண்டியது அந்த ஒன்றைப் பற்றித்தான்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நம் ஊர் ரிப்போர்ட்களில் ‘இன்ஃபிளமேட்டரி ஸ்மியர்’ என்று அடிக்கடி வரும். அது ஏஸ்கஸ் அல்ல. அழற்சி இருக்கிறது, செல்கள் புற்றுநோய்ப் பக்கம் போகவில்லை என்று அர்த்தம். ‘அன்சாட்டிஸ்ஃபாக்டரி’ என்று வந்தால் சாம்பிள் போதவில்லை, இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும். ‘ஒண்ணும் இல்லேன்னு வந்துடுச்சு’ என்று அதைப் பெட்டியில் வைத்துவிடக் கூடாது.

அடுத்த டெஸ்ட்தான் பதில் சொல்லும்

ஏஸ்கஸ் வந்தவருக்கு டாக்டர் வழக்கமாகச் சொல்வது இரண்டில் ஒன்று. ஹெச்.பி.வி. டெஸ்ட் எடுப்பது, அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பாப் ஸ்மியரைத் திரும்ப எடுப்பது. முதலாவதுக்கு வசதி இருந்தால் அதுவே மேல். சாம்பிளைத் திரவத்தில் போட்டு அனுப்பும் முறையில் எடுத்திருந்தால், பல லேப்களில் அதே பாட்டிலிலிருந்தே ஹெச்.பி.வி-யும் பார்த்துவிடலாம். மறுபடி டேபிளில் படுக்க வேண்டியதில்லை. இதை லேபில் கேட்க வேண்டும். அவர்களாகப் பல நேரம் சொல்வதில்லை.

வடக்கு கலிஃபோர்னியாவில் 15 லட்சத்துக்கும் அதிகமான பெண்களின் ரிப்போர்ட்களை வைத்து 2019-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கணக்கு போட்டார்கள். இன்று டாக்டர்கள் பலர் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். ஏஸ்கஸ் வந்து, ஹெச்.பி.வி. ‘நெகட்டிவ்’ என்றால், அந்த நேரத்தில் தீவிரமான முன்நிலை மாற்றமோ, அதற்கு மேலோ இருக்கும் வாய்ப்பு 10,000 பேரில் நான்கு பேருக்கு. ‘பாசிட்டிவ்’ என்றால் 100 பேரில் நான்கைந்து பேருக்கு. ஒரே ஏஸ்கஸ்தான். இரண்டாவது டெஸ்ட், அதை 100 மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு பாதைகளாகப் பிரித்துவிடுகிறது.

நெகட்டிவ் வந்தவரை அந்த வழிகாட்டுதல் மூன்று வருடம் கழித்து வரச் சொல்கிறது. பாசிட்டிவ் வந்தவர் கால்போஸ்கோப்பிக்குப் போக வேண்டும். பெயரைக் கேட்டு ஆபரேஷன் என்று நினைத்துவிடாதீர்கள். கர்ப்பப்பை வாயை விளக்கு வைத்து, பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் வழியாக வெளியிலிருந்தே பார்ப்பதுதான் அது. மயக்க மருந்து கிடையாது. சந்தேகமான இடம் இருந்தால் அரிசி அளவுக்குச் சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். சுருக்கென்று இருக்கும், இரண்டு மூன்று நாள் லேசான கறை படலாம். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். புற்றுநோயா, முன்நிலை மாற்றமா, ஒன்றும் இல்லையா என்பதை அந்தப் பயாப்சிதான் சொல்லும். பாப் ஸ்மியர் அதைச் சொல்லாது.

‘அப்போ அவருக்கு வேற யாரோ...?’

ஹெச்.பி.வி. உடலுறவு வழியாகப் பரவுவது. இது தெரிந்ததும் பல வீடுகளில் கேன்சர் பயம் பின்னால் போய், வேறு சண்டை முன்னால் வந்துவிடுகிறது. மந்தைவெளி அக்காவின் அடுத்த மெசேஜே, “இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லலாமா?” என்பதுதான்.

தாம்பத்திய வாழ்க்கையில் இருக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் ஆண்களுக்கும் வாழ்நாளில் ஒரு முறையாவது வந்து போகும் வைரஸ் இது. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் உடலே அதை அடக்கிவிடும். சிலருக்குப் பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, பிறகு டெஸ்ட்டில் தெரியும். கல்யாணமாகி 20 வருடம் ஆனவருக்கு இன்றைக்குப் பாசிட்டிவ் வந்தால், அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த லேபாலும் சொல்ல முடியாது. ஆகவே அதை வைத்துப் புருஷனையும் விசாரிக்க முடியாது, பொண்டாட்டியையும் விசாரிக்க முடியாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் இரண்டாவது டெஸ்ட்டையே எடுக்காமல் விடுகிறார்கள்.

அடையாறு என்ற வார்த்தை

இன்னொரு தடையும் உண்டு. அது நம் ஊருக்கே உரியது.

கால்போஸ்கோப்பிக்கு ‘அடையாறுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க’ என்று யாராவது சொன்னால், மயிலாப்பூர் வீடுகளில் கேட்பவர் முகம் வெளிறிவிடும். தென்சென்னையில் அடையாறு என்றால் ஒரு பக்கம் ஆலமரம், இன்னொரு பக்கம் கேன்சர் ஆஸ்பத்திரி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் விடாமல் போராடி 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அந்த மருத்துவமனை. அடுத்த வருடமே அங்கே சேர்ந்த டாக்டர் வி.சாந்தா, 2021 ஜனவரியில் மறையும்வரை அதையே வீடாக்கிக்கொண்டவர். வாழ்நாள் முழுக்க அவர் வலியுறுத்தியது, ‘முற்றிய பிறகு வராதீர்கள், முன்னாலேயே வாருங்கள்’ என்பதைத்தான். முன்கூட்டியே கண்டுபிடித்துத் தடுப்பதற்கென்று தனித் துறையே அங்கே இருக்கிறது. ஆனால், அந்தப் பெயர் நம் மனதில் முற்றிய நோயோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே போகச் சொன்னார்கள் என்பதே தீர்ப்பு மாதிரி ஆகிவிடுகிறது.

அப்புறம் தள்ளிப்போடுவது தொடங்கும். அறுபத்துமூவர் முடியட்டும். பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும். ஆடி சேல் முடியட்டும், தீபாவளி சேல் முடியட்டும். ரங்கநாதன் தெருவில் வேலை செய்பவருக்கு ஒரு நாள் லீவு என்பது ஒரு நாள் சம்பளம். கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்பதற்கே 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்த ஊர் இது. ‘எனக்கு கால்போஸ்கோப்பிக்குப் போகணும், லீவு வேணும்’ என்று ஒரு பெண் முதலாளியிடம் எப்படிச் சொல்வார்?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது இந்தப் பரிசோதனையை எடுத்தவர்கள் இந்தியாவில் 1.9 சதவிகிதம், தமிழ்நாட்டில் 9.8 சதவிகிதம். நாட்டிலேயே நாம்தான் முன்னால். அதிலும் பத்தில் ஒருவர்கூட இல்லை! அப்படி வந்து எடுத்தவரும் சந்தேக முடிவோடு வீட்டுக்குப் போய்த் திரும்பி வராமல் இருந்தால், முதல் டெஸ்ட்டே வீண்.

திண்டுக்கல்லில் என்ன செய்தார்கள்?

இந்த இடத்தில் நம் மாநிலத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

2000-ம் வருடம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பிரான்ஸின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையம், அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் மூன்றும் சேர்ந்து நடத்தியது. தலைமை டாக்டர் ஆர்.சங்கரநாராயணன். கிராமங்களில் லேப் கிடையாது, மைக்ராஸ்கோப் பார்க்க ஆள் கிடையாது. அதனால் பாப் ஸ்மியருக்குப் பதில் வி.ஐ.ஏ. என்ற எளிய முறை. வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை நீர்க்க வைத்து கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்தால், மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ்கள் வெறும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இன்றைக்கு நம் அரசு மருத்துவமனைகளில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இலவசமாகச் செய்வதும் இந்த முறைதான்.

வி.ஐ.ஏ-விலும் இதே குழப்பம் உண்டு. புண் இருந்தாலும், அழற்சி இருந்தாலும் வெள்ளையாகத் தெரியலாம். திண்டுக்கல்லில் பரிசோதனைக்கு வந்த 31,343 பேரில் 3,088 பேருக்குப் பாசிட்டிவ். கிட்டத்தட்ட பத்தில் ஒருவர். அதற்கு அடுத்த எண்ணைப் பாருங்கள்: அந்த 3,088 பேரில் கால்போஸ்கோப்பி செய்துகொண்டவர்கள் 3,052. விட்டுப்போனவர்கள் வெறும் 36 பேர்.

அது எப்படி முடிந்தது? ‘அடுத்த மாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று யாரும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. அதே முகாமில், அதே வருகையில், அதே நர்ஸ்களே கால்போஸ்கோப்பி செய்தார்கள், பயாப்சி எடுத்தார்கள், தேவைப்பட்டவருக்குக் குளிர்வித்து அகற்றும் கிரையோ சிகிச்சையும் கொடுத்தார்கள். பஸ் செலவு ஒரு முறை, கூலி இழப்பு ஒரு நாள், புருஷனிடம் சொல்ல வேண்டிய விளக்கமும் ஒன்றே ஒன்று.

1,874 பேருக்கு முன்நிலை மாற்றங்கள் இருந்தன, பெரும்பாலும் லேசான வகை. மீதிப் பேருக்கு ‘பாசிட்டிவ்’ என்பது வெறும் சந்தேகமாகவே முடிந்தது. 2007-ல் ‘தி லேன்செட்’ இதழில் வந்த முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்பட்ட மரணம், மற்ற ஊர்களைவிட 35 சதவிகிதம் குறைவு. பரிசோதனைக்கு அழைக்கப்படாத மற்ற ஊர்ப் பெண்களை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்திருந்தது சரியா என்ற விமர்சனம் இந்த ஆய்வின் மேல் பின்னால் எழுந்தது. அது நியாயமான கேள்வி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால், ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடத்தில் பத்து ஆஸ்பத்திரிகள் இருக்கும் தென்சென்னையில் ஒரு பெண் இரண்டாவது டெஸ்ட்டுக்குப் போகாமல் விடுவதும், அம்பிளிக்கைப் பக்கம் கிட்டத்தட்ட எல்லோரும் அதைச் செய்துகொண்டதும் ஏன் என்பதற்கு விடை இந்த ஆய்வில்தான் இருக்கிறது.

எடுத்துவிட்டால் நிம்மதியா?

போகாமல் விடுவது ஒரு ஓரம் என்றால், இன்னொரு ஓரமும் உண்டு. “ரெண்டு குழந்தை ஆயிடுச்சு. கர்ப்பப்பையை எடுத்துட்டா நிம்மதிதானே?” வீட்டில் பெரியவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். சில இடங்களில் ஆஸ்பத்திரியிலும் சொல்கிறார்கள்.

ஏஸ்கஸ்ஸுக்கோ, எல்சில்லுக்கோ கர்ப்பப்பையை எடுப்பது சிகிச்சை அல்ல. பயாப்சியில் தீவிரமான முன்நிலை மாற்றம் உறுதியானால்கூட, அந்த இடத்தை மட்டும் மின்கம்பி வளையத்தால் சுரண்டி எடுக்கும் ‘லீப்’ முறையோ, சூடேற்றியோ குளிர்வித்தோ அகற்றும் முறையோ பெரும்பாலும் போதும். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்பட்ட ஏழைப் பெண்கள் பற்றிய வழக்கில், அதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. ‘கேன்சர் வந்துடும்’ என்ற ஒற்றை வரி பயமுறுத்தல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்த வழக்கே சாட்சி. பயாப்சி ரிப்போர்ட் கையில் இல்லாமல் யாராவது ஆபரேஷனுக்குத் தேதி குறித்தால், இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

‘வெயிட் பண்ணலாம்’ என்றால் எவ்வளவு நாள்?

வைரஸ் தங்கி, முன்நிலை மாற்றம் உண்டாகி, அது புற்றுநோயாக முற்றப் பொதுவாக 10 வருடத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் டாக்டர்கள் நிதானமாக ‘ஆறு மாசம் கழிச்சு வாங்க’ என்கிறார்கள். அந்த நிதானம் சரி. ஆனால் ‘ஆறு மாசம்’ என்பது காலண்டரில் ஒரு தேதியாக இருக்க வேண்டும்.

தேதி இல்லாமல், சிகிச்சை இல்லாமல் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேதனையான ஆதாரங்கள் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மருத்துவமனை ஒன்றில், 1960-களிலும் 70-களிலும் தீவிரமான முன்நிலை மாற்றம் இருந்த பெண்கள் பலருக்கு முழுச் சிகிச்சை தராமல் ‘பார்த்துக்கொண்டே’ இருந்தார்கள். இரண்டு பெண்கள் 1987-ல் பத்திரிகையில் எழுதி அதை வெளிக்கொண்டு வந்தார்கள். சிகிச்சை பெறாதவர்களில் 30 வருடத்தில் 31 சதவிகிதம் பேருக்குப் புற்றுநோய். சரியான சிகிச்சை பெற்றவர்களில் 0.7 சதவிகிதம்.

‘அது வெளிநாடு’ என்று சொல்லிவிட முடியாது. டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனம் ஒன்று, 1976-ல் தொடங்கி 12 வருடம், முன்நிலை மாற்றம் இருந்த 1,158 பெண்களைச் சிகிச்சை தராமல் கவனித்துவந்தது. அவர்களில் 71 பேருக்கு அது புற்றுநோய் நிலையைத் தொட்டது. அவர்களிடம் முறையாக எழுத்துபூர்வ ஒப்புதல் வாங்கவில்லை என்பது 1997-ல் செய்தியாக வெளிவந்து பெரிய சர்ச்சை ஆனது.

சில முடிவுகளுக்குக் காத்திருக்கவே கூடாது. ரிப்போர்ட்டில் ‘ஏ.எஸ்.சி - ஹெச்’ என்று இருந்தால், பெயர் ஏஸ்கஸ் மாதிரியே தெரியும். ஆனால் அது வேறு. தீவிர மாற்றத்தை ஒதுக்கிவிட முடியவில்லை என்று அர்த்தம். ஹெச்.பி.வி-யும் பாசிட்டிவாக இருந்தால் நான்கில் ஒருவருக்குத் தீவிரமான மாற்றம் இருக்கலாம். நேராகக் கால்போஸ்கோப்பிதான். ‘ஏ.ஜி.சி’ என்று வந்தால் உள்பக்கச் சுரப்பி செல்களில் சந்தேகம். 35 வயதுக்கு மேல் என்றால் கர்ப்பப்பையின் உட்சுவரையும் சேர்த்துப் பரிசோதிப்பார்கள். ‘ஹெச்சில்’ என்றாலும் தாமதிக்கக் கூடாது. ஹெச்.ஐ.வி. இருப்பவர்களுக்கும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் விதிகள் வேறு. அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருந்தாலும் கால்போஸ்கோப்பி செய்யலாம், குழந்தைக்கு ஆபத்து இல்லை.

உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிலக்கு நின்று வருடங்கள் கழித்துக் கறை, ரத்தம் கலந்த நாற்றமான வெள்ளைப்படுதல், இவற்றில் ஏதாவது இருந்தால் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். பாப் ஸ்மியர் அறிகுறி இல்லாதவர்களுக்கான வடிகட்டி. அறிகுறி இருப்பவருக்கு அதை வைத்து ஆறுதல் சொல்ல முடியாது. ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கும் இந்தப் பரிசோதனை தேவை.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது பழைய பாப் ஸ்மியர் ரிப்போர்ட்கள் இருந்தால் எடுத்துப்போங்கள். முந்தைய முடிவு நெகட்டிவாக இருந்தால் ஆபத்துக் கணக்கு குறையும், பாசிட்டிவாக இருந்தால் கூடும். ‘இந்த சாம்பிள்லயே ஹெச்.பி.வி. பார்க்க முடியுமா?’, ‘அடுத்த டெஸ்ட் எந்த மாசம், எங்கே?’ இந்த இரண்டையும் கேட்காமல் எழுந்து வராதீர்கள். திரும்ப எடுப்பதாக இருந்தால், மாதவிலக்கு நாள்களைத் தவிர்த்து, இரண்டு நாள் முன்பிருந்து உறவும், உள்ளே வைக்கும் மாத்திரை, க்ரீமும் இல்லாமல் போனால் சாம்பிள் தெளிவாகக் கிடைக்கும்.

கேள்விகள் இருந்தால் வழக்கம்போல எழுதுங்கள். ரிப்போர்ட்டை அனுப்புவதாக இருந்தால், பெயரையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். அடுத்த வாரம், மாதவிலக்கு நிற்கும் வயதில் வரும் அதிக ரத்தப்போக்கு பற்றிப் பேசலாம்.